தாராவியில் தைத்து வைத்த ஜெர்மன் தாள்

பிப்ரவரி 1986. திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கினேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து என்னை இறக்கி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை சிவகாசியில் கிளம்பியவன் நான். மெட்ராஸில் ஒரு இரவு மைத்துனன் வீட்டில் படுத்து, ஞாயிறு காலை மறுபடி ரயிலேறி, ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்று எண்பது கிலோமீட்டர் பலகை ஸீட்டில் உட்கார்ந்து வந்த முதுகு, பம்பாய் மண்ணைத் தொட்டதும் ஒருமுறை சொடக்கு விட்டது.

என் பெயர் தங்கராஜ். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறேன். வயது நாற்பத்து நான்கு. பையில் ஒரு ஸ்பானர் செட், ஒரு லென்ஸ், சாத்தூர் சேவு இரண்டு பொட்டலம், அட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்த ஒரு பழைய ஜெர்மன் தாள். வேலையும் இரண்டு இருந்தது. முதலாளி கொடுத்தது ஒன்று: செம்பூரில் விலைக்கு வந்திருக்கும் பழைய ஜெர்மன் லெட்டர்பிரஸ் மெஷினைப் பார்த்து, வாங்கலாமா என்று சொல்ல வேண்டும். நானாக எடுத்துக்கொண்டது இன்னொன்று: தாராவியில் காஜா மைதீன் என்ற பெரியவரைப் பார்த்து, எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு நான் எழுதிய ஒரு கடிதம் சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கடிதத்தின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் அச்சகத்துக்குப் புது மெஷின் பூட்ட ஒரு ஜெர்மன் ஃபிட்டர் வந்து ஆறு மாதம் தங்கினார். அவரிடம் மெஷினும் கற்றேன், படிக்கிற அளவுக்கு ஜெர்மனும் கற்றேன். ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். யுத்தத்தில் அவர் காயப்பட்டதற்காகத் தந்த சின்னத்துக்கான சான்றிதழ் அது. "என் வீட்டில் இதைப் பார்க்க விரும்புகிறவர் யாரும் இல்லை. நீ அச்சுக்காரன், அச்சுக்காக வைத்துக்கொள்" என்றார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது பைத்தியம். பழைய ராணுவத் தாள்கள் சேர்ப்பவர்கள் பலர் எனக்கு ஜெராக்ஸ் அனுப்பி, அசலா போலியா என்று கேட்பார்கள். நானும் லென்ஸை வைத்துப் பார்த்து, நீதிபதி மாதிரி பதில் எழுதுவேன். வந்ததில் பாதிக்கு மேல் போலி. பிற்காலத்து ஆஃப்செட்டில் அடித்து, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய தாள்கள். ஆகவே எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

போன ஜூனில் மாதுங்காவிலிருந்து விசுவநாதன் ஒரு ஜெராக்ஸ் அனுப்பினார். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா, ஸ்டாம்ப் சேகரிப்பவர், கடிதம் வழியாகவே எனக்குப் பழக்கம். தாராவியில் தோல் வேலை செய்யும் காஜா மைதீன் என்பவர் தன்னிடம் கொடுத்தது என்றும், யுத்தத்தில் தான் சுடப்பட்டதற்கு இதுதான் சாட்சி என்று அவர் சொல்வதாகவும் எழுதியிருந்தார். பார்த்தேன். ஜெர்மன் சான்றிதழ்தான். ஆனால் நட்டநடுவில், கட்டம் போட்ட ஆங்கில முத்திரை: 'ட்ரூ காப்பி, அட்டெஸ்டட்'. கீழே ஒரு கையெழுத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் பெயருக்கே பதில் எழுதினேன்: "நகல் என்று தாளே சொல்கிறது. யாரோ பிற்காலத்தில் செய்தது. சாட்சியாகக் கொள்ள முடியாது." மூன்று வரி. அதற்கு மேல் அவருக்காக மை செலவு செய்யத் தோன்றவில்லை.

தாதரிலிருந்து மாதுங்கா ஒரே ஸ்டேஷன். டிக்கெட் ஒரு ரூபாய். லோக்கலில் ஏறுவதற்குள் மூன்று வண்டிகளை விட்டேன். நாலாவது வண்டியில் வாசலில் தொங்கிய ஒருவர் என் பையைப் பிடித்து இழுத்தார், பையோடு நானும் போனேன். முகம் தெரியாத மனிதனை ஏற்றிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இந்த ஊரில் உதவி செய்வதற்கும் நேரம் ஒதுக்க மாட்டார்கள், போகிற போக்கில் செய்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

மாதுங்காவில் இறங்கி நடந்தால் மல்லிகைப்பூ வாசனை வந்தது. அப்பளக்கடை, பூக்கடை, தமிழில் போர்டு, வாழையிலைக் கட்டு. இரண்டு நாள் ரயிலில் வந்ததே பொய்யோ என்று தோன்றியது. ஓட்டலில் இரண்டு இட்லியும் காப்பியும் மூன்றேகால் ரூபாய். எங்கள் ஊர் விலையைப்போல் இரண்டு மடங்கு, ஆனால் காப்பியில் குறை சொல்ல முடியாது.

விசுவநாதன் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கோ தங்கராஜ். உங்க எழுத்தைப் பார்த்து ஆறடி இருப்பேள்னு நெனச்சேன்."

"எழுத்துதான் சார் கொஞ்சம் ஓவரா இருக்கும்" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

"காஜா பாய் போயிட்டார். அக்டோபர்ல. உங்களுக்கு எழுதணும்னுதான் தெனமும் நெனப்பேன். எழுத வரலை."

"உடம்புக்கு என்ன சார்?"

"மாரடைப்பு. வயசு அறுபத்தஞ்சுக்கு மேலே. ஆனா அதுக்கு முன்னாலயே மனுஷன் பேசறதைக் கொறச்சுண்டுட்டார். உங்க லெட்டரை நான்தான் அவாத்துலே படிச்சுக் காட்டினேன். அவர் சம்சாரமும் கேட்டுண்டிருந்தா."

காப்பி வந்தது. ஆறிப்போகும் வரை அது என் கையிலேயே இருந்தது. மூன்று வரி எழுதியவன் நான், அதைப் போய் ஒரு வீட்டில் உரக்கப் படித்திருக்கிறார்கள். விசுவநாதன் என்மேல் குற்றம் சொல்லவில்லை. புதன்கிழமை லீவு போட்டுத் தானே தாராவிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஸ்டாம்ப் பார்க்கத் தான் வைத்திருக்கும் அல்ட்ரா வயலட் விளக்கையும் எடுத்து வருகிறேன் என்றார். புதுக் காலத்துக் காகிதத்தில் வெளுப்பு ரசாயனம் கலந்திருக்கும், அந்த விளக்கின் கீழ் நீலமாக எரியும். பழைய காகிதம் எரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மாதுங்காவிலிருந்து குர்லா, குர்லாவில் மாறி ஹார்பர் லைனில் செம்பூர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"கஹாங் ஜானா ஹை?" என்றான். நான் விழித்ததைப் பார்த்து, "அட, நம்ம ஆளா! பைட்டோ அண்ணாச்சி, உக்காருங்க. எங்க போணும்?"

"எந்த ஊருப்பா நீ?"

"அப்பாவுக்கு நாங்குநேரி. நான் ஆண்டாப் ஹில்லுல பொறந்தவன். ஊரு ரெண்டு தடவதான் பாத்தேன். ஊருல கரண்ட் பஹுத் மோசம்."

முகவரிச் சீட்டை நீட்டினேன். தமிழில் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டான். "பேசுவேன் அண்ணாச்சி, படிக்க வராது. நீங்களே வாசிங்க." வாசித்தேன். மீட்டரில் இரண்டு ரூபாய் எண்பது பைசா ஆயிற்று. மூன்று கொடுத்ததற்கு இருபது பைசாவை ஒழுங்காகத் திருப்பித் தந்தான்.

மெஷின் ஒரு கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தார்ப்பாயை விலக்கிப் பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பது வருடம் ஓடிய மெஷின், ஒரு பல் தேயவில்லை. எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, ஒரு தாளை அடித்துப் பார்த்தேன். அச்சுக்காரன் செய்வதையே நானும் செய்தேன்: தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினேன். எழுத்து தாளில் அழுந்தின அளவு எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். இருந்தது. வாங்கலாம் என்று முதலாளிக்குத் தந்தி அடித்தேன். பின்பக்கம் தடவின அந்தக் காரியத்தைப் பற்றி அன்று நான் எதுவும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி. சயான் ஸ்டேஷனில் இறங்கி, நானும் விசுவநாதனும் தாராவிக்குள் நடந்தோம். தொண்ணூறடி ரோட்டில் எங்கும் தமிழ்க்குரல். ரோட்டை விட்டுச் சந்துக்குள் திரும்பியதும் தோல் வாசனை மூக்கில் அறைந்தது. தாராவி என்றால் குடிசையும் சாக்கடையும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அவையும் இருந்தன. ஆனால் நான் பார்த்தது வேலை. ஒரு வாசலில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அடுத்த வாசலில் வெட்டுகிறார்கள். அதற்கடுத்ததில் பெல்ட்டுக்குக் கொக்கி பூட்டுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கையை நான் அந்தச் சந்தில் பார்க்கவில்லை. சிவகாசியில் நாங்கள்தான் உலகத்திலேயே உழைப்பாளிகள் என்று பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை இனிக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

காஜா மைதீனின் பட்டறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கீழே தையல் மெஷின்கள் மூன்று, மேலே ஏணி வைத்து ஏறும் தட்டு. அதுதான் வீடு. ஒரு மெஷினில் வெள்ளைத் துணியால் முக்காடு போட்ட அம்மாள் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். காஜா மைதீனின் மனைவி மைமூன் பீவி. மற்ற இரண்டு மெஷின்களில் இரண்டு ஆண்கள்.

"அம்மா, சிவகாசியிலேர்ந்து வந்திருக்கார்" என்றார் விசுவநாதன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குனிஞ்சு வாங்க, இடிச்சிரும். இந்த வார முடிச்சிட்டு வாரேன்."

முடித்தார். நூலை அறுத்தார். நான் நீட்டிய சேவுப் பொட்டலத்தை வாங்கி, முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகுதான் ஓரமாக வைத்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. தோல் வேலயில பழக்கம். முன்பக்கத்தப் பாத்து எவனும் தோல் வாங்க மாட்டான். அதுல சாயத்தப் பூசி எந்த ஓட்டையையும் மறைச்சிரலாம். பின்பக்கத்த மறைக்க முடியாதுல்லா. எங்க வீட்டுல அவுக எதையும் திருப்பித்தான் பாப்பாக. எனக்கும் ஒட்டிக்கிட்டு."

இதற்கு மேல் தாமதிக்க எனக்கு முகம் இல்லை. "அம்மா, அந்தக் கடிதம் எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அவுக காலு நொண்டுனத நாப்பது வருஷம் பாத்தவ நான். சண்டைக்குப் போன மனுஷன் அஞ்சு வருஷம் கழிச்சு மேலப்பாளையத்துக்கு வாராக, கையில பென்ஷனும் இல்ல, பட்டாளத்து மெடலும் இல்ல. ஊர்ல ஆளுக்கொரு கத. ஜெயில்ல போலீஸ்காரன் அடிச்சதுன்னான் ஒருத்தன். களவாங்கப் போயி சொவரேறிக் குதிச்சதுன்னான் ஒருத்தன். அந்தப் பேச்சுக்காகத்தான் பம்பாய்க்கு வந்தோம். நான் ஒருத்தன் பேச்சயும் காதுல வாங்கல. ஒங்க கடுதாசிய ஐயரு படிச்சாரு பாருங்க, அன்னைக்கு நானும் கேட்டுட்டேன். 'அப்ப இதும் கததானா?'ன்னு."

மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

"என்ன சொன்னாரும்மா?"

"ஒண்ணுஞ் சொல்லல. சோத்துத் தட்டத் தள்ளி வச்சாக. ஊசிய எடுத்தாக. எல்லாத் தாளையும் உள்ள போட்டு, ஒரு தோல்பைய நாலு பக்கமும் தைச்சாக. 'சிவகாசிக்காரர் வந்தா பிரி, வராட்டி பிரிக்காத'ன்னாக. நாலாம் மாசம் மௌத்தாயிட்டாக. பொய்யச் சொல்லி அவுக போனாகளா, மெய்யச் சொன்னவுகளை நான் சந்தேகப்பட்டேனா, அது எனக்குத் தெரிஞ்சாகணும் தம்பி. அம்புட்டுதான்."

ஏணியில் ஏறிப் போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்புத் தோல். நாலு பக்கமும் தையல், வாய் என்று ஒன்று இல்லை. தோல் வெட்டும் கத்தியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒங்களுக்காகத் தைச்சது. நீங்களே பிரிங்க."

நெருக்கமான கைத்தையல். ஒவ்வொன்றாக அறுக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நான் அறுத்த விதத்தை மூன்று தோல்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்று தாள். ஒன்று, ஃபுல்ஸ்கேப்பில் டைப் அடித்தது. ஒன்று, என் கடிதம். மூன்றாவது, எட்டாக மடித்த, பழுப்பேறின சின்னத் தாள்.

பழுப்புத் தாளை அங்கே கிடந்த ஒரு வெள்ளைத் துணியின்மேல் விரித்தேன். முன்பக்கத்தை நான் ஏற்கெனவே ஜெராக்ஸில் பார்த்தாயிற்று. இந்தத் தடவை திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வைத்தேன்.

நாற்பத்திரண்டு வருடம் கழித்தும் எழுத்து தாளின் முதுகில் புடைத்துக்கொண்டு நின்றது. உலோக எழுத்தைத் தாளில் அழுத்தி அடித்த லெட்டர்பிரஸ். பெயர் அடித்த இடத்தில் டைப்ரைட்டர் புள்ளி தாளைத் துளைத்தே இருந்தது. போலிக்காரனின் ஆஃப்செட்டில் முதுகு மொழுமொழுவென்று இருக்கும். முந்தாநாள்கூட இல்லை, நேற்றுத்தான் செம்பூரில் இதே விரலால் இதே வேலையைச் செய்தேன். தினமும் செய்கிறவன், ஒரு மனிதனின் நாற்பது வருடத்தை மட்டும் முன்பக்க ஜெராக்ஸில் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

ஃபிட்டர் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தேன். அதே தலைப்பு, அதே அளவு, அதே வாசகம். பிறகு லென்ஸை எடுத்தேன். ஜெராக்ஸில் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. இங்கே இரண்டு நிறம். ஜெர்மன் வட்ட முத்திரை மங்கின நீலம், மடிப்பு வந்த இடமெல்லாம் அது உடைந்து உதிர்ந்திருந்தது. 'ட்ரூ காப்பி' முத்திரை ஊதா, அதன் மை மடிப்பின் பிளவுக்குள்ளே இறங்கி ஓடியிருந்தது. அதாவது, ஜெர்மன் முத்திரை விழுந்து, தாளை மடித்து, அந்த மடிப்பு பல வருடம் தேய்ந்த பிறகுதான் ஊதா முத்திரை விழுந்திருக்கிறது.

"இந்த முத்திரை எப்படி வந்ததும்மா?" என்று கேட்டேன்.

மைமூன் பீவியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அது பெரிய கூத்து. இங்க வந்த புதுசுல ஒரு ஆபீசுல டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டாக. முன்ன வண்டி ஓட்டுனதுக்கு சர்ட்டிபிகேட் கேட்டாங்க. அவுககிட்ட இருந்தது இது ஒண்ணுதான். கோர்ட்டு வாசல்ல ஒருத்தன்கிட்ட நகல் டைப் அடிச்சு, அந்த நகல அட்டெஸ்ட் பண்ண, ரெண்டையும் ஒரு ஆபீசர்ட்ட கொண்டு போனாக. அங்க இருந்த கிளார்க்கு இந்த வட்ட முத்திரையில ஸ்வஸ்திக்கப் பாத்துட்டு, 'எந்த மார்வாடிக் கடை ரசீது இது?'ன்னானாம். பாக்காமயே டொக்கு டொக்குன்னு குத்திட்டான். வெளிய வந்து பாத்தா, நகல்ல ஒண்ணும் இல்ல, அசல்ல குத்தி வச்சிருக்கான்."

விசுவநாதன் வாய்விட்டுச் சிரித்தார். ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மன் தெரியாத டைப்பிஸ்ட் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தது. ஜெர்மன் எழுத்துக்கு மேலே போட வேண்டிய புள்ளிகளை யாரோ பேனாவால் பொறுமையாக வைத்திருந்தார்கள். அதில் எந்த முத்திரையும் இல்லை. எந்தத் தாளைக் காட்டினாலும் அட்டெஸ்டேஷன் கேட்கிற தேசத்தில், நானும் ஆயிரம் தாளில் அந்த முத்திரை வாங்கியவன். எந்தத் தாளில் குத்துகிறார்கள் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"வேலை கிடைச்சுதா?"

"எங்க கெடைக்கும்? 'அசல் எங்க'ன்னு கேட்டானுவ. தோல் ஷெட்டுக்குப் போயிட்டாக."

அந்தத் தாளில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். காஜா மைதீன் என்ற சிப்பாய்க்கு, சண்டையில் ஒரு தடவை அடைந்த காயத்துக்காக, கறுப்புக் காயச் சின்னம் வழங்கப்படுகிறது. 1944, பிரான்ஸ். கீழே அவர் இருந்த படையின் பெயர். எழுதியிருந்தது அவ்வளவுதான். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, சிறை முகாமில் கிடந்த இந்தியர்களைக் கொண்டு ஜெர்மனியர் அமைத்த படை அது. அது நின்ற பக்கம் நல்ல பக்கம் இல்லை. அந்த வட்ட முத்திரையின் கீழ் நடந்த அக்கிரமங்களை உலகம் அறியும். இதை நான் மறைக்காமல் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"அவுகளும் சொல்லிருக்காக" என்றார். "'ரெண்டு ராசாவுக்கும் நான் ஆளில்ல. முகாம்ல பசி. வெளிய விட்டா எப்படியாவது ஊரு வரலாம்னு கையெழுத்துப் போட்டேன்'னு. பெருமையா ஒருநாளும் பேசல. சுட்டது நெசம்னு மட்டுந்தான் சொன்னாக. ஊருக்கு வார கப்பல்ல வெள்ளைக்காரன் சோதனை போட்டப்ப, பூட்சுக்குள்ள அடித்தோலுக்குக் கீழ மடிச்சு வச்சுக் கொண்டாந்தாக."

எட்டு மடிப்பு ஏன் என்று புரிந்தது. தாளின் ஒரு பக்கக் கறையும் குதிகால் வளைவில்தான் இருந்தது. பிரான்சில் கொடுத்த தாள், ஒரு மனிதனின் காலடியில் கடல் கடந்து, மேலப்பாளையம் போய், தாராவிச் சந்துக்கு வந்து, என் எதிரே கிடக்கிறது. எத்தனையோ தாள் பார்த்திருக்கிறேன், எதன் முன்னாலும் கைகட்டி நிற்கத் தோன்றியதில்லை.

கடைசியாக விளக்கு. ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார்கள். விசுவநாதன் பிளக்கைச் சொருகினார். இருட்டில் என் சட்டை நீலமாகப் பற்றி எரிந்தது. மைமூன் பீவியின் முக்காடு எரிந்தது, நூல்கண்டுகள் எரிந்தன, நான் எழுதின கடிதம் எல்லாவற்றையும்விடப் பளபளவென்று எரிந்தது. நடுவில் அந்தச் சின்னத் தாள் மட்டும் மண் நிறத்தில், அசையாமல், எரியாமல் கிடந்தது. ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம்.

"அசல்தாம்மா" என்றேன். "ஒவ்வொரு எழுத்தும் அசல். அவர் சொன்னது நிஜம். நான் எழுதினதுதான் தப்பு."

ஷட்டர் மேலே போயிற்று. வெளிச்சம் வந்தது. அந்த அம்மாள் அழவில்லை. என் கடிதத்தை எடுத்து, பழக்கப்படி திருப்பினார்.

"இதுல என்னமோ எழுதியிருக்கே? அவுக கைதான் இது."

என் கடிதத்தின் முதுகை நான் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் பிறகு! வாங்கிப் பார்த்தேன். பேனாவால், கோணல்மாணலாக ஐந்தாறு வரிகள். உரக்கப் படித்தேன்:

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பார்த்தது ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கு முதுகு கிடையாது. தாங்கள் அச்சுத் தொழில் பார்ப்பவர் என்று ஐயர் சொன்னார். ஒருநாள் நேரில் வந்து அசலைத் திருப்பிப் பார்த்தால் தங்களுக்கே தெரியும். வந்தால் டீ சாப்பிட்டுப் போகலாம். காஜா மைதீன்."

ஒரு கடுஞ்சொல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

"எனக்குன்னு ஒண்ணும் எழுதலையா?" என்றார் மைமூன் பீவி.

இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லைம்மா என்று கடிதத்தை அவரிடமே நீட்டினேன். விசுவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரம் அந்தத் தோல்பையைத் தடவிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். பிறகு அவரே சொன்னார். "'அவர் வந்தா பிரி'ன்னாகல்லா. அவுகளுக்கு இது அசல்னு தெரியாதா? தெரிய வேண்டியவ நான்தான். அது எனக்குச் சொன்னதுதான்."

பிறகு முகத்தை முக்காட்டில் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீங்க ஒரு தாள் எழுதிக் குடுங்க. இந்தத் தடவ சரியா" என்றார்.

எங்கள் அச்சகத்து லெட்டர்பேடில் எழுதினேன். எழுதினதைச் சந்துக்குக் கேட்கும்படி வாசித்தேன்: "காஜா மைதீன் அவர்களின் சான்றிதழை இன்று நேரில், இரு பக்கமும் பார்த்தேன். இது அசல். நான் முன்பு எழுதியது தவறு. தங்கராஜ், சிவகாசி." பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அந்த அம்மாள் எதுவும் விளக்கவில்லை. தாளை வாங்கி, எழுத்துப் பக்கத்தைப் பார்க்காமல் திருப்பி, பின்பக்கத்தைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார்.

"அழுத்தித்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "உக்காருங்க தம்பி. டீ சாப்ட்டுப் போகலாம்."

வியாழக்கிழமை பகல் தாதரில் ரயிலேறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. கல்யாண் தாண்டி மலை ஏறும் வரை வெளியே பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. என் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. நான் ஜெராக்ஸ் பார்த்து 'போலி' என்று எழுதிய கடிதங்களின் நகல்கள் அதில்தான். பெருமைக்காகச் சேர்த்து வைத்தவை. அவை போய்ச் சேர்ந்த எத்தனை வீட்டில் யார் யாரிடம் என்ன கேட்டார்களோ, எத்தனை பை தைத்து மூடிக் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது.

சிவகாசி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே தபாலாபீஸுக்குப் போனேன். இருந்த சில்லறைக்கெல்லாம் கார்டு வாங்கினேன். முதல் கார்டை, நினைவில் இருந்த ஒரு முகவரிக்கு, அங்கேயே மசிப்புட்டி வைத்த சாய்ந்த மேஜையில் நின்றபடி எழுதினேன்: "ஐயா, தங்கள் தாளின் பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. எப்போது வரலாம்?"